'ஜோக்கர்' முதல் 'மார்கோ' வரை: வில்லன் கதை படமானால் ஏன் இவ்வளவு பதற்றம்?

2025 மார்ச் முதல் வாரம். கேரளச் செய்தி சேனல்களில் இரவு விவாதம் எதைத் திருப்பினாலும் ஒரே கேள்விதான் ஓடியது: இளைஞர்களைக் கெடுப்பது சினிமாவா? அந்த வாரம் குற்றவாளிக் கூண்டில் நின்ற படத்தின் பெயர் 'மார்கோ'.

நீங்கள் காந்தலூர், மறையூர் பக்கம் இருந்து கொச்சிக்கோ கோவைக்கோ வேலைக்கு வந்தவர் என்றால் இந்தச் சண்டையை இரண்டு மொழியிலும் கேட்டிருப்பீர்கள். ஆபீஸில் மலையாளத்தில் விவாதம், வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் தமிழில் ஃபார்வர்டு. படமும் அப்படித்தான் வந்தது. முதலில் மலையாளம், இந்தி. பிறகு தமிழ், தெலுங்கு. "தம்பி போனில் இதையெல்லாம் பார்க்கிறானே" என்று ஊரிலிருந்து அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இதே சண்டை 2019-ல் அமெரிக்காவில் இதைவிடப் பெரிதாக நடந்து முடிந்தது. அந்தப் படம் 'ஜோக்கர்'. நம்ம ராஜு முருகனின் 2016 'ஜோக்கர்' இல்லை. இது பேட்மேன் காமிக்ஸின் வில்லன்.

2019-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது?

ஜோக்கர் 1940-ல் பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழிலேயே அறிமுகமான பாத்திரம். அவன் எங்கிருந்து வந்தான், ஏன் இப்படி ஆனான் என்பதைக் காமிக்ஸ் பெரும்பாலும் மர்மமாகவே விட்டு வைத்தது. இயக்குநர் டாட் பிலிப்ஸ் அந்த இடத்தில் ஒரு கதையை வைத்தார். ஏழ்மை, மனநோய், அவமானம் எல்லாம் சேர்ந்து நசுக்கிய ஒரு தோற்றுப்போன காமெடியன் கொலைகாரன் ஆகிறான். வாகின் ஃபீனிக்ஸ் நடித்தார்.

2019 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் படம் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வென்றது. ஒரு காமிக்ஸ் வில்லன் படத்துக்கு இந்த விருதா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. ஹைப் அங்கே தொடங்கியது. பயமும் அங்கேயேதான் தொடங்கியது. "தனிமையில் புழுங்கும் இளைஞன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினால்?" என்று கட்டுரைகள் வர ஆரம்பித்தன. படம் பார்க்காதவர்களும் எழுதினார்கள்.

அடுத்த சில வாரங்களில் நடந்தவை வரிசையாக:

பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றின் பேட்டியில், இந்தப் படம் வன்முறையைத் தூண்டுமா என்று கேட்டபோது ஃபீனிக்ஸ் எழுந்து வெளியே போனார். பிறகு திரும்பி வந்து பேசினார். ஆனால் எழுந்து போனது மட்டும்தான் செய்தியானது.

அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு, தியேட்டரில் எச்சரிக்கையாக இருக்கும்படி ஒரு குறிப்பு அனுப்பியது. அது வெளியே கசிந்தது.

சில தியேட்டர் நிறுவனங்கள் முகமூடிக்கும் முகப்பூச்சுக்கும் தடை போட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் பிரீமியரில் சிவப்புக் கம்பளத்தில் செய்தியாளர்கள் கேள்வி கேட்க வழி இல்லை. புகைப்படக்காரர்களுக்கு மட்டும் அனுமதி.

அக்டோபர் 4-ம் தேதி அங்கே படம் வெளியானது. பயந்த மாதிரியான தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. படம் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்காவில் 'ஆர்' தரம் பெற்ற ஒரு படம் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் முறை. 11 ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் சிறந்த நடிகர், சிறந்த பின்னணி இசை என 2 விருதுகள். இந்தியாவில் 'ஏ' சான்றிதழோடு அக்டோபர் 2 அன்றே ஓடத் தொடங்கியிருந்தது.

சரி, அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லையா?

காரணம் இருந்தது. 2012 ஜூலை 20 அன்று கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில், 'தி டார்க் நைட் ரைசஸ்' ஓடிய தியேட்டருக்குள் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 12 பேரைக் கொன்றான். "அவன் தன்னை ஜோக்கர் என்று சொன்னான்" என்று அன்றே செய்தி பரவியது. சொன்னது சாதாரண ஆள் இல்லை, நியூயார்க் நகரப் போலீஸ் ஆணையர். ஆனால் அரோரா வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே பின்னாளில் அது உண்மை இல்லை என்றார். இன்னொரு விஷயம், அந்தப் படத்தில் ஜோக்கர் பாத்திரமே கிடையாது.

ஆனாலும் அந்தத் தகவல் சாகவில்லை. 2019-ல் எழுதப்பட்ட பல கட்டுரைகளுக்கு அதுதான் அஸ்திவாரம். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு வதந்தி, புதுப் படத்துக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அரோராவில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சில வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதின. "பாதிக்கப்பட்டவர்களே எதிர்க்கிறார்கள்" என்று அது செய்தியானது. ஆனால் அவர்கள் படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. துப்பாக்கிச் சங்கத்திடம் பணம் வாங்கும் அரசியல்வாதிகளுக்கு நன்கொடை தராதீர்கள், துப்பாக்கிச் சட்டத்தை மாற்றக் குரல் கொடுங்கள், உயிர் பிழைத்தவர்களுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார்கள். அவர்கள் பேசியது துப்பாக்கியைப் பற்றி. டிவி பேசியது சினிமாவைப் பற்றி.

இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போ கேரளாவுக்கு வருவோம்.

'மார்கோ' எப்படி வில்லன் கதை ஆகிறது?

2019 ஜனவரியில் நிவின் பாலி நடித்த 'மிகாயேல்' என்ற மலையாளப் படம் வந்தது. இயக்கம் ஹனீஃப் அதேனி. அதில் வில்லன் மார்கோ ஜூனியராக நடித்தவர் உன்னி முகுந்தன். அந்த வில்லனையே எடுத்து, அவனை நாயகனாக்கி அதே இயக்குநர் எடுத்த படம்தான் 'மார்கோ'. காமிக்ஸ் புத்தகம் இல்லை என்றாலும் சூத்திரம் அதேதான்: முந்தைய படத்தில் நாம் வெறுத்தவனை இந்தப் படத்தில் பக்கத்தில் நின்று பார்க்க வைப்பது.

2024 டிசம்பர் 20-ல் 'ஏ' சான்றிதழோடு படம் வெளியானது. 'கேஜிஎஃப்' புகழ் ரவி பஸ்ரூர் இசை. ஷரீஃப் முகமது தயாரிப்பு. விளம்பரத்தின் மையமே ரத்தம்தான். இந்திய சினிமாவிலேயே இவ்வளவு வன்முறை வந்ததில்லை என்பதுதான் விற்பனை வாக்கியம். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, படத்துக்கு முன்னால் அதன் ரத்தக் கதை ஓடி வந்தது. வட இந்தியாவிலும் கூட்டம் வந்தது. மொத்த வசூல் 100 கோடி ரூபாயைத் தாண்டியதாகத் தயாரிப்புத் தரப்பு அறிவித்தது.

குழந்தைகளையும் ஒரு கர்ப்பிணியையும் கொடூரமாகத் தாக்கும் காட்சிகள் பற்றி அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பெரிய சண்டை வந்தது அப்போது இல்லை. படம் 2025 பிப்ரவரி 14-ல் சோனி லிவ் தளத்துக்கு வந்த பிறகுதான்.

பிப்ரவரி கடைசியில் என்ன மாறியது?

பிப்ரவரி 24 அன்று திருவனந்தபுரம் மாவட்டம் வெஞ்ஞாறமூட்டில் குடும்பத்தினரும் தோழியுமாக 5 பேர் கொல்லப்பட்ட வழக்கில் 23 வயது இளைஞர் ஒருவர் கைதானார். சில நாட்களிலேயே கோழிக்கோடு மாவட்டம் தாமரச்சேரியில் மாணவர்களுக்கு இடையே நடந்த மோதலில் அடிபட்ட பத்தாம் வகுப்புப் பையன் மார்ச் 1-ல் இறந்தான். கேரளம் அதிர்ந்து போனது. அடுத்தடுத்து இப்படி நடந்தால் எந்தப் பெற்றோருக்கும் தூக்கம் வராதுதானே?

சட்டமன்றத்தில் இளைஞர் வன்முறை, போதைப்பொருள் பற்றி விவாதம் நடந்தது. காங்கிரஸ் தலைவர் ரமேஷ் சென்னிதலா 'மார்கோ', 'ஆர்டிஎக்ஸ்' போன்ற படங்களின் பெயரைச் சொல்லியே குற்றம் சாட்டினார். முதல்வர் பினராயி விஜயனும் சினிமாவின் தாக்கம் பற்றிப் பேசினார். அதே வாரத்தில், 'மார்கோ'வை டிவியில் போடுவதற்கு வசதியாக 'ஏ'-யிலிருந்து 'யு/ஏ'-வுக்கு மாற்றித் தரக் கேட்ட விண்ணப்பத்தைத் தணிக்கை வாரியம் ஏற்கவில்லை என்ற செய்தி வந்தது. பலருடைய காதில் அது "மார்கோவுக்குத் தடை" என்றே விழுந்தது.

தயாரிப்பாளர் இனி இப்படியான வன்முறைப் படங்கள் எடுக்க மாட்டேன் என்றார். ஜூன் மாதத்தில் உன்னி முகுந்தன், படத்தைச் சுற்றி எதிர்மறைப் பேச்சு அதிகமாகிவிட்டதால் 'மார்கோ' தொடரைக் கைவிட்டதாகச் சொன்னார்.

"இதுவரை வராத வன்முறை" என்று டிக்கெட் விற்க எந்த வாக்கியத்தைச் சொன்னார்களோ, அதே வாக்கியம் மூன்று மாதத்தில் குற்றப்பத்திரிகையாகத் திரும்பி வந்தது. ஹைப்பும் பதற்றமும் எதிரிகள் மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: இந்தப் படத்துக்கு மனிதர்களை ஆட்டிப்படைக்கும் சக்தி இருக்கிறது. ஒருவர் அதைச் சொல்லி டிக்கெட் விற்கிறார், இன்னொருவர் அதைச் சொல்லிப் பழி போடுகிறார்.

அப்போ சினிமா வன்முறையைத் தூண்டவே தூண்டாதா?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 1981 மார்ச் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டவன், 'டாக்ஸி டிரைவர்' படத்தின் மீதும் அதில் நடித்த ஜோடி ஃபாஸ்டர் மீதும் வெறி கொண்டிருந்தான். 'ஜோக்கர்' படமே 'டாக்ஸி டிரைவர்' சாயலில் எடுக்கப்பட்டதுதான். ஆனால் நீதிமன்றம் அவனை மனநோயின் அடிப்படையில்தான் குற்றமற்றவன் என்றது. படம் அந்த வெறிக்கு ஒரு உருவம் கொடுத்தது உண்மை. நோய் அதற்கு முன்பே இருந்ததும் உண்மை.

ஒட்டுமொத்தச் சமூகத்தின் அளவில் பார்த்தால் கதை வேறு. 2009-ல் பொருளாதார அறிஞர்கள் கார்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லவீனா இருவரும் அமெரிக்காவின் 1995 முதல் 2004 வரையிலான தரவுகளை ஆராய்ந்தார்கள். வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அதிகமாக இருந்த நாட்களில் அடிதடிக் குற்றங்கள் கூடவில்லை, குறைந்திருந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம்: சண்டைக்குப் போகக்கூடிய இளைஞர்கள் அந்த நேரத்தில் தியேட்டரில், குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இது உடனடி விளைவைப் பற்றிய ஆய்வு மட்டுமே. வருடக்கணக்காகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதில் பதில் இல்லை. ஆனாலும் "படம் பார்த்தான், கொலை செய்தான்" என்ற நேர்க்கோட்டை இது சந்தேகப்பட வைக்கிறது.

பார்வையாளர்கள் ஒரே மாதிரிப் பார்ப்பதும் இல்லை. 2019 இறுதியில் லெபனான், சிலி, ஹாங்காங் வீதிகளில் அரசுக்கு எதிராகப் போராடியவர்கள் ஜோக்கர் முகப்பூச்சோடு வந்தார்கள். நியூயார்க்கில் படத்தில் வந்த படிக்கட்டில் நின்று செல்ஃபி எடுக்கக் கூட்டம் போனது. கொலைகாரனை உருவாக்கும் என்று பயந்த படத்தை, ஒருவர் போராட்டக் கொடியாக எடுத்துக்கொண்டார், இன்னொருவர் இன்ஸ்டாகிராம் போஸாக எடுத்துக்கொண்டார்.

கேரளத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். வெஞ்ஞாறமூடு வழக்கில் விசாரணையின்போது அதிகம் பேசப்பட்டது குடும்பத்தின் கடன் நெருக்கடி. தாமரச்சேரியில் டியூஷன் சென்டர் பிரிவு விழாவில் தொடங்கிய தகராறு. கடன், போதைப்பொருள், பள்ளியில் பேச ஆள் இல்லாத நிலை எல்லாவற்றையும் சரிசெய்யப் பணமும் வருடங்களும் வேண்டும். ஒரு படத்தைத் திட்ட ஒரு மைக் போதும். அமெரிக்காவில் துப்பாக்கி இருந்த இடத்துக்கு ஜோக்கர் வந்த மாதிரி, இங்கே கடனும் போதையும் இருந்த இடத்துக்கு மார்கோ வந்து உட்கார்ந்தான்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

இதை மூன்று கதவுகளாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

தியேட்டர்: 1952-ம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, பொது இடத்தில் திரையிடப்படும் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடக்கூடாது. பெற்றோர் கூடவே வந்தாலும் பையனுக்கு இடம் இல்லை. 2023-ல் திருத்தப்பட்ட சட்டம் 'யு/ஏ'-வை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது.

டிவி: 'யு' அல்லது 'யு/ஏ' சான்றிதழ் உள்ள படங்களைத்தான் போட முடியும். 2005-06 வாக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்குக்குப் பிறகு இது இறுகியது. அதனால் 'ஏ' படத்தின் தயாரிப்பாளர்கள் காட்சிகளை வெட்டி 'யு/ஏ' கேட்பது வழக்கமான நடைமுறை. 'மார்கோ'வுக்கு மறுக்கப்பட்டது இந்த மாற்றம்தான். படத்தைத் தடை செய்யவில்லை.

ஓடிடி: இங்கே தணிக்கை வாரியத்துக்கு வேலையே இல்லை. 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிறுவனமே வயதுத் தரம் போட வேண்டும். 13+ அல்லது அதற்கு மேற்பட்ட தரம் என்றால் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். 'ஏ' என்றால் வயதைச் சரிபார்க்க நம்பகமான ஏற்பாடு வேண்டும். புகார் கொடுத்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

'மார்கோ' டிவிக்கு வராமலே போகலாம். ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலேயே அது போனில் இருந்தது. ஒரு கதவைப் பூட்டியதைப் பற்றி விவாதம் நடந்தது. மற்றக் கதவு திறந்தே கிடந்தது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

2025 ஆகஸ்ட் 14-ல் வந்த ரஜினியின் 'கூலி' ஞாபகம் இருக்கும். அதற்கும் 'ஏ' சான்றிதழ். குழந்தைகளோடு தியேட்டருக்குப் போன பல குடும்பங்கள் வாசலில் திரும்ப வேண்டியிருந்தது. 'யு/ஏ' கேட்டுத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது. மாத இறுதியில் மனு தள்ளுபடியானது. ஏன் நேராக உயர் நீதிமன்றம்? முன்பு மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அது கலைக்கப்பட்டது.

தடை என்ற கேள்விக்கும் தமிழ்ப் படம் ஒன்றின் வழக்கில்தான் இந்தியாவுக்கே பதில் கிடைத்தது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. எங்கேயோ, எப்போதோ ஆபத்து வரலாம் என்ற ஊகம் போதாது, படத்துக்கும் ஆபத்துக்கும் நேரடியான, உடனடியான தொடர்பு இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எதிர்ப்பைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கவும் முடியாது. வில்லன் படம் வரும்போதெல்லாம் இந்த அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை "இந்தப் படம்தான் காரணம்" என்று ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னவர் படம் பார்த்தாரா? போலீஸ் விசாரணையில் அந்தத் தொடர்பு வந்ததா, இல்லை விவாதத்தில் மட்டும் வந்ததா? பாதிக்கப்பட்டவர்கள் உண்மையில் கேட்பது என்ன?

படம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள். குழந்தையைக் கொல்லும் காட்சியை விளம்பரப் பொருளாக்குவது மோசமான ரசனை என்று சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை. அது ஒரு விமர்சனம். "இது கொலைகாரனை உருவாக்கும்" என்பது வேறு. அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஹைப்புக்கும் அதே பதில்தான். 2024 அக்டோபரில் வந்த 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்தைச் சுற்றிப் பயமும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. முதல் படத்தின் வசூலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோடு அது சுருண்டது. ஆட்டிப்படைக்கும் சக்தி அந்த வில்லனிடமே இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போயிருக்குமா?

இப்போ அம்மாவின் கேள்விக்கு வருவோம். காந்தலூரில் தம்பி கையில் இருக்கும் போனில் ஓடும் ஓடிடி கணக்கு பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும். பணம் கட்டுவதும் நீங்கள், பாஸ்வேர்டு கொடுத்ததும் நீங்கள். செட்டிங்ஸில் போய் அவனுக்கென்று தனி புரொஃபைல் போட்டு, வயது வரம்பு வைத்து, பின் நம்பர் போட ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்துவிட்டு அவனுக்கே ஒரு போன் போட்டு, ஏன் பூட்டினேன் என்று சொல்லிவிடுங்கள். அவன் ஏற்கெனவே 'மார்கோ'வைப் பார்த்துவிட்டான் என்றால், எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் எந்த டிவி விவாதத்தையும்விட உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.